அத்தை கேட்ட கேள்வி: புள்ளி எங்கே?

மார்கழி மாதத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் எதற்காவது போயிருக்கிறீர்களா குழந்தைகளே? விடிகாலை நாலரை மணிக்கே தெரு விழித்துவிடும். சம்பா வயல் பக்கமிருந்து பனி எழுந்து தெருவுக்குள் வந்து நிற்கும். எதிர்வீட்டுத் திண்ணைகூடத் தெரியாது. ஆனால் 'சளக்... சளக்...' என்று வாசலில் சாணித் தண்ணீர் தெளிக்கும் சத்தம் மட்டும் வரிசையாகக் கேட்கும். சத்தம் நின்றுவிட்டதென்றால் கோலம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்!

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் அத்தை வீடு இருக்கிறது. அத்தைக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. முழங்கால் வலி. ஆனாலும் மார்கழியில் வாசல் கோலத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அதுவும் சாதாரணக் கோலமில்லை, சிக்குக் கோலம். புள்ளிகளை வரிசையாக வைத்து, ஒரு புள்ளியையும் தொடாமல், எல்லாப் புள்ளியையும் சுற்றி வளைத்து, ஆரம்பித்த இடத்திலேயே கோட்டைக் கொண்டுவந்து முடிப்பது. சில ஊர்களில் இதைக் கம்பிக் கோலம் என்றும் நெளிக் கோலம் என்றும் சொல்வார்கள்.

ஒரு மார்கழியில் அங்கே போனபோது கையில் ஒரு படப் புத்தகம் கொண்டுபோயிருந்தேன். ஐரோப்பாவின் பழைய ஓவியங்களைப் பற்றியது. திண்ணையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். அத்தை கோலப்பொடி டப்பாவோடு உள்ளே போகிறவர், சட்டென்று நின்றார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார். விரல் அந்தக் கோட்டோடு மெதுவாக நகர்ந்தது. வளைந்து, புகுந்து, திரும்பி, மறுபடி வளைந்து...

"யாருடா போட்டது? கை என்ன சுத்தமா ஓடியிருக்கு!"

"இது கோலம் இல்லை அத்தை. இங்கிலாந்துல ஒரு சாமியார் வரைஞ்ச படம். 1300 வருஷம் ஆச்சு."

அத்தை நம்பவில்லை. இன்னும் குனிந்து பார்த்தார்.

"அதெல்லாம் சரி. புள்ளி எங்கே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பி நான்கைந்து புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான் தெரிந்தது, அத்தை கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று!

கன்றுத் தோலில் ஒரு சிக்கு

கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவில் ரோமப் பேரரசு உடைந்து போனது. பெரிய நகரங்கள் சுருங்கின. அதற்குப் பிறகு வந்த ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகளை 'முந்தைய இடைக்காலம்' என்கிறார்கள். 'இருண்ட காலம்' என்றும் சிலர் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தால் அந்தப் பெயர் வைத்தவர்கள் மேல் கோபம்தான் வருகிறது. அவ்வளவு நிறம்!

அயர்லாந்திலும், ஸ்காட்லாந்து, இங்கிலாந்துக் கடலோரத் தீவுகளிலும் கிறிஸ்தவத் துறவிகள் மடங்கள் கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். அச்சு எந்திரம் கிடையாது. பைபிளின் நற்செய்தி நூல்களைக் கையால்தான் எழுத வேண்டும். அங்கே காகிதமோ பனை ஓலையோ இல்லை. மாடு இருந்தது. கன்றுக்குட்டித் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரை வழித்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்துச் சுரண்டினால் வெள்ளை வெளேரென்ற ஏடு கிடைக்கும். நெல் விளைகிற ஊரில் அரிசி மாவில் கோலம், மாடு மேய்கிற ஊரில் தோலில் படம்!

இந்த ஏடுகளில் மிகவும் புகழ்பெற்றது 'கெல்ஸ் புத்தகம்'. ஏறக்குறைய கி.பி. 800-இல் எழுதப்பட்டது. இப்போது அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. மிஞ்சியிருப்பவை 340 ஏடுகள், அதாவது 680 பக்கங்கள். இதற்கு ஏறக்குறைய 185 கன்றுகளின் தோல் தேவைப்பட்டிருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். இரண்டே இரண்டு பக்கங்களைத் தவிர மற்ற எல்லாப் பக்கத்திலும் ஏதாவது ஓர் அலங்காரம் உண்டு. எழுத்தின் வால் நீண்டு பாம்பாகும். பாம்பு வளைந்து முடிச்சாகும். முடிச்சின் நுனியில் ஒரு பறவைத் தலை எட்டிப் பார்க்கும்.

புகழ்பெற்ற ஒரு பக்கத்தில் கிறிஸ்துவின் பெயரைக் குறிக்கும் கிரேக்க எழுத்துகள் பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. சுருள், வட்டம், முடிச்சு என்று கண்ணைச் சுற்றவைக்கும் வேலை. ஆனால் கீழ் ஓரத்தில் உற்றுப் பாருங்கள். இரண்டு எலிகள் ஓர் அப்பத்தைக் கொறிக்கின்றன. பூனைகள் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கின்றன! கொஞ்சம் தள்ளி ஒரு நீர்நாய் மீனைக் கவ்வியிருக்கிறது. அவ்வளவு பக்தியோடு வரைந்த பக்கத்தில் ஓவியருக்குக் குறும்பும் வந்திருக்கிறது.

வண்ணங்கள் எங்கிருந்து வந்தன? இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஒரே ஆச்சரியம். தெருக்கூத்துக் கலைஞர்கள் 'அரிதாரம் பூசுகிறார்கள்' என்று சொல்கிறோம் இல்லையா? அரிதாரம் என்பது உண்மையில் ஒரு மஞ்சள் நிறக் கனிமத்தின் பெயர். ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்தது, விஷம்! கெல்ஸ் புத்தகத்தில் தங்கம் போல மின்னுகிற மஞ்சள் அதே அரிதாரம்தான். அந்தப் புத்தகத்தில் தங்கம் பூசவே இல்லை. சிவப்பு, ஈயத்திலிருந்து எடுத்த செந்தூரம். நீலத்தை ஆப்கானிஸ்தானத்து விலையுயர்ந்த நீலக்கல் பொடி என்றே நீண்ட நாள் நம்பியிருந்தார்கள். பக்கங்களைச் சேதப்படுத்தாத கருவிகளால் சோதித்தபோது அந்தக் கல் இல்லை. ஒரு செடியின் இலையிலிருந்து எடுத்த நீலம் அது. நம் ஊர் அவுரிச் செடியில் இருப்பதும் அதே சாயப் பொருள்தான்.

இவற்றை வரைந்தவர்களிடம் பூதக்கண்ணாடி கிடையாது. மூக்குக்கண்ணாடி ஐரோப்பாவுக்கு வந்ததே 13-ஆம் நூற்றாண்டில். ஆனால் அதே அயர்லாந்தைச் சேர்ந்த 'ஆர்மா புத்தகம்' என்ற ஏட்டில், முக்கால் அங்குல நீளமும் அரை அங்குலத்துக்கும் குறைவான அகலமும் கொண்ட ஓர் இடத்துக்குள் கோடுகள் 158 முறை பின்னிக்கொள்வதை 19-ஆம் நூற்றாண்டில் வெஸ்ட்வுட் என்ற அறிஞர் எண்ணியிருக்கிறார். ஒரு தபால்தலையின் பாதிக்குள் 158 பின்னல்! எண்ணியவரின் பொறுமைக்கும் ஒரு பரிசு கொடுக்கலாம்.

புள்ளி பின்பக்கம் இருக்கிறது!

அத்தை விரல் வைத்தது கெல்ஸ் புத்தகப் படத்தின் மேல் அல்ல. அதைவிட மூத்த 'லிண்டிஸ்பார்ன் நற்செய்தி ஏடு' என்ற புத்தகத்தின் ஒரு பக்கம். லிண்டிஸ்பார்ன் இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில் இருக்கும் ஒரு சின்னத் தீவு. அந்த மடத்தில் 698 முதல் 721 வரை ஆயராக இருந்த எட்ஃப்ரித் என்பவர்தான் இதை எழுதினார் என்று, இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஆல்ட்ரெட் என்ற குரு அந்த ஏட்டிலேயே குறித்து வைத்திருக்கிறார். ஏடு இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

அதில் சில பக்கங்களில் எழுத்தே இல்லை. பக்கம் முழுக்கப் பின்னல் அலங்காரம். பார்ப்பதற்கு விரித்துப் போட்ட கம்பளம் மாதிரி இருப்பதால் 'கம்பளப் பக்கம்' என்றே பெயர்.

அந்தக் கம்பளப் பக்கங்களை ஆராய்ச்சியாளர்கள் புரட்டி, பின்பக்கத்தைப் பார்த்தார்கள். அங்கே இருந்தது அத்தை தேடிய புள்ளி! ஊசி போன்ற முனையால் குத்திய சின்னச் சின்னக் குறிகள். காம்பஸ் ஊன்றிய துளைகள். அந்தக் குறிகளை இணைக்கும் கட்டங்கள், ஈய முனையால் இழுத்த மெல்லிய கோடுகள். எட்ஃப்ரித் முதலில் பின்பக்கத்தில் புள்ளியும் கட்டமும் வைத்துக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டு, பிறகு முன்பக்கத்தில் வண்ணம் தீட்டியிருக்கிறார்.

மறுமுறை போனபோது இதை அத்தையிடம் சொன்னேன்.

"புள்ளி இல்லாம எப்படிடா போட முடியும்?" என்றார், ஏதோ நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்பது போல.

அத்தையின் பேத்தி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்குக் கோலம் என்றால் கசக்கும். "அப்பாயி, கடையிலேயே ஸ்டிக்கர் விக்குது. ஒட்டிட்டா வருஷம் பூரா இருக்கும்" என்பாள். ஆனால் கணக்கு என்றால் உயிர். அவளிடம் ஒரு புதிர் போட்டேன். நீங்களும் ஒரு கட்டம் போட்ட நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

நேர்புள்ளி வையுங்கள். இரண்டு வரிசை, ஒவ்வொன்றிலும் மூன்று புள்ளி. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போக வேண்டும். ஓரத்துக்கு வந்தால் ஓரப் புள்ளியைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். கோட்டை எடுக்காமல் போய்க்கொண்டே இருங்கள். எல்லாப் புள்ளியையும் சுற்றிவிட்டு, ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுவீர்கள். ஒரே கோடு!

இப்போது மூன்று வரிசை, மூன்று புள்ளி. சதுரம். போட்டுப் பாருங்கள். ஒரு கோடு பாதியிலேயே மூடிக்கொள்ளும். புள்ளிகள் மிச்சம் இருக்கும். மறுபடி ஆரம்பிக்க வேண்டும். எண்ணினால் மொத்தம் மூன்று கோடுகள் தேவை. இரண்டுக்கு இரண்டு போட்டால் இரண்டு கோடு. மூன்றுக்கு நான்கு? ஒரே கோடு. நான்குக்கு ஆறு? இரண்டு.

பேத்தி நோட்டில் இரண்டு பக்கம் கிறுக்கினாள். மூன்றாம் பக்கத்தில் நிமிர்ந்து, "மாமா! இது மீப்பெரு பொதுக் காரணி!" என்று கத்தினாள்.

அதேதான். வரிசை எண்ணையும் புள்ளி எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை கோடுகள். 4-க்கும் 6-க்கும் அது 2. 3-க்கும் 4-க்கும் 1. இந்த விதி தஞ்சாவூர் வாசலுக்கும் பொருந்தும், லிண்டிஸ்பார்ன் துறவியின் எளிய பின்னலுக்கும் பொருந்தும். அத்தைக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. "சதுரமா வெச்சா ஒத்தை இழையில முடியாது. ஒரு புள்ளி கூட்டணும்" என்று அவருடைய மாமியார் சொல்லிக் கொடுத்திருக்கிறாராம்.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் கோலத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும், அவ்வளவுதான். அந்தத் துறவிகள் வெட்டும் இடத்தில் ஒரு கோடு மேலே, அடுத்த இடத்தில் அதே கோடு கீழே என்று மாற்றி மாற்றி வரைந்தார்கள். பாய் முடைவது போல, சடை பின்னுவது போல! 1904-இல் ரோமிலி ஆலன் என்ற பிரிட்டிஷ் அறிஞர் ஒரு விஷயத்தைக் காட்டினார். எவ்வளவு குழப்பமான முடிச்சாக இருந்தாலும் அது ஒரு சாதாரணப் பின்னலில் தொடங்குகிறது. பின்னலில் அங்கங்கே வெட்டி, வேறு பக்கம் திருப்பி ஒட்டினால் புதுப்புது முடிச்சு பிறக்கும். ஸ்காட்லாந்தில் ஜார்ஜ் பெய்ன் என்ற பள்ளி ஓவிய ஆசிரியர், பிள்ளைகளே வரையும்படி இதைப் படிப்படியாக விளக்கி 1951-இல் புத்தகமே போட்டார்.

நம் பக்கத்திலும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. சென்னை தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970-களில் கோலத்தைக் கணினி அறிவியல் கண்ணோடு பார்த்தார்கள். ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்துக்கும் இலக்கணம் எழுத முடியும் என்று காட்டினார்கள். வாசலில் குனிந்து போட்ட இழை, உலகக் கணினி ஆய்விதழ்களுக்குப் போனது.

பாம்பும் யாளியும்

ஐரோப்பியப் பின்னலில் கோடு மட்டும் இல்லை, விலங்குகளும் உண்டு. 1939-இல் இங்கிலாந்தின் சட்டன் ஹூ என்ற இடத்தில் ஒரு மண்மேட்டைத் தோண்டினார்கள். 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அரசரை ஒரு முழுக் கப்பலோடு புதைத்திருந்தார்கள்! நம் ஊரில் மகேந்திரவர்ம பல்லவர் பாறையைக் குடைந்து கோயில் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அங்கே கிடைத்த தங்க பெல்ட் கொக்கி ஒன்றின் எடை ஏறக்குறைய 413 கிராம். நம் கணக்கில் ஐம்பது சவரனுக்கு மேல்! அந்தக் கொக்கி முழுக்க 13 விலங்குகள் நாடா போல நீண்டு, ஒன்றின் மேல் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. எது யாருடைய கால் என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆகும்.

சுவீடன் நாட்டு அறிஞர் பெர்னார்டு சாலின் இந்த விலங்கு அலங்காரங்களைப் பாணி வாரியாகப் பிரித்தார். முதல் பாணியில் விலங்கு துண்டு துண்டாக இருக்கும். இங்கே ஒரு கண், அங்கே ஒரு கால். சில ஊசி நகைகளில் விலங்கைப் பக்கவாட்டில் திருப்பினால் மனித முகமாகத் தெரியும்! இரண்டாம் பாணியில்தான் விலங்கு நாடாவாகி, சிக்காகி விடுகிறது. அதற்கும் பிறகு வைக்கிங்குகள் வந்தார்கள். நார்வேயில் 1904-இல் தோண்டி எடுத்த ஓசெபர்க் கப்பல், 834-இல் இரண்டு பெண்களோடு புதைக்கப்பட்டது. அதன் மரச் செதுக்கலில் குட்டி விலங்குகள் தங்கள் கழுத்தையே தாங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நார்வேயின் ஊர்னெஸ் மரக் கோயில் கதவோரத்தில் மெலிந்த ஒரு விலங்கும் பாம்புகளும் ஒன்றையொன்று கடித்தபடி, மரத்தில் வரைந்த சிக்குக் கோலம் போலச் சுற்றி ஏறுகின்றன.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு எது ஞாபகம் வருகிறது? எனக்கு ஆற்றங்கரை அரசமரம்தான். அதன் அடியில் மஞ்சள், குங்குமம் பூசிய நாகக்கல் இருக்குமே! இரண்டு பாம்புகள் ஒன்றையொன்று பின்னிப் பின்னி ஏறி, மேலே முகத்தோடு முகம் பார்த்து நிற்கும். காவிரிக் கரையில் எத்தனையோ ஊர்களில் பார்க்கலாம். பாம்பின் உடம்பைப் பார்த்தால் சிற்பிக்குப் பின்னல்தான் தோன்றும் போலிருக்கிறது, அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அடிப்பகுதியில் கல்வெட்டுகளுக்கு நடுவே ஓடும் யாளி வரிசையைப் பாருங்கள். மாடங்களுக்கு மேலே மகர தோரணத்தைப் பாருங்கள். மகரம் என்பது முதலையும் யானையும் கலந்தது போன்ற ஒரு விலங்கு. அதன் வால் எங்கே முடிகிறது என்று தேடினால் முடியவே முடியாது. வால் கொடியாகி, கொடி இலையாகி, இலை சுருளாகிவிடும். கெல்ஸ் புத்தகத்தில் எழுத்தின் வால் பாம்பானது போலத்தான்.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் இன்னொரு வேடிக்கை. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜ சோழன் கட்டிய கோயில் அது. அங்கே ஒரு யானையும் ஒரு காளையும் எதிரெதிரே நிற்கும் சிற்பம் உண்டு. ஆனால் இரண்டுக்கும் சேர்த்துத் தலை ஒன்றுதான்! யானையின் உடலைக் கையால் மறைத்தால் காளை. காளையை மறைத்தால் யானை. திருப்பினால் மனித முகமாகும் அந்த ஐரோப்பிய ஊசியைச் செய்தவர் இதைப் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்.

அப்படியானால் யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள்? யாரும் யாரையும் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஐரோப்பியர்களுக்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருந்தது. ரோமானியர்கள் தரையில் வண்ணக் கற்களால் பதித்த சடைப் பின்னல்கள் ஏராளம். ஆனால் பொருள்கள் பயணம் போயிருக்கின்றன. 5, 6-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் பிரபுக்கள் அணிந்த தங்க நகைகளில் சிவப்பு கார்னெட் கற்களைச் சின்னச் சின்ன அறைகளில் பதித்திருப்பார்கள். அந்தக் கற்களைச் சோதித்தபோது, பலவும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று தெரிந்தது! சுவீடனின் ஹெல்கோ என்ற தீவில் 1950-களில் தோண்டியபோது ஒரு குட்டிப் புத்தர் சிலை கிடைத்தது. இந்தியத் துணைக் கண்டத்தின் வடமேற்கு மூலையில் 6-ஆம் நூற்றாண்டு வாக்கில் செய்தது. எத்தனை கை மாறி அவ்வளவு தூரம் போயிற்றோ!

திருடன் வந்தான்

இந்த ஏடுகள் பத்திரமாக நம் காலம் வரை வந்தது லேசான கதையில்லை. 793-இல் வைக்கிங்குகள் கடல் வழியாக வந்து லிண்டிஸ்பார்ன் மடத்தைச் சூறையாடினார்கள். கெல்ஸ் புத்தகத்தோடு தொடர்புடைய அயோனா தீவு மடத்தைப் பலமுறை தாக்கினார்கள். 806-இல் மட்டும் 68 பேர் கொல்லப்பட்டார்கள். மிஞ்சிய துறவிகள் பலர் அயர்லாந்தின் உள்பகுதியில் இருக்கும் கெல்ஸ் என்ற ஊருக்குப் போனார்கள். அந்த ஊர்ப் பெயர்தான் புத்தகத்துக்கு நிலைத்தது.

1007-இல் ஓர் இரவு புத்தகமே திருட்டுப் போனது! அதை வைத்திருந்த பெட்டியில் தங்க வேலைப்பாடு. திருடனுக்கு வேண்டியது அதுதான். இரண்டு மாதமும் இருபது நாளும் கழித்து, தங்கத்தைப் பிய்த்துவிட்டுப் புல்கட்டிக்கு அடியில் போட்டிருந்த புத்தகத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று அயர்லாந்தின் பழைய ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. அந்த ஆண்டு இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? ராஜராஜ சோழன் ஆட்சியில் பெரிய கோயில் எழும்பிக்கொண்டிருந்தது. 1010-இல் கலசம் வைத்தார்கள். அங்கே ஈர மண்ணுக்குள் ஒரு புத்தகம், இங்கே வானத்தில் ஒரு விமானம்.

பெரிய கோயிலுக்குள்ளும் ஒரு புத்தகம் ஒளிந்திருந்தது என்றே சொல்லலாம். கருவறையைச் சுற்றி இருக்கும் இருட்டான உள்சுற்றின் சுவர்களில் சோழர் காலத்து ஓவியர்கள் சுண்ணாம்புப் பூச்சின் மேல் வண்ண ஓவியம் தீட்டினார்கள். பிறகு நாயக்கர் காலத்தில் அவற்றின் மேலேயே புதிய ஓவியம் தீட்டிவிட்டார்கள். கீழே என்ன இருக்கிறது என்பதே மறந்துபோனது. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி விளக்கோடு உள்ளே போனார். மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியிலிருந்து வேறொரு ஓவியம் எட்டிப் பார்த்தது! ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முந்தைய சுந்தரரும் நடராசரும் திரிபுரம் எரித்த சிவனும் அப்படித்தான் வெளியே வந்தார்கள். பின்னாளில் தொல்லியல் துறை நிபுணர்கள் மேலே இருந்த நாயக்கர் ஓவியங்களையும் அழிக்காமல் படலமாக உரித்தெடுத்துத் தனியே பதித்தார்கள்.

பெரிய கோயிலின் தலைமைச் சிற்பி குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்று கல்வெட்டு சொல்கிறது. லிண்டிஸ்பார்ன் ஏட்டுக்கு எட்ஃப்ரித் பெயர் கிடைத்தது. கெல்ஸ் புத்தகத்தை வரைந்தவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. கைவண்ணத்தை வைத்துப் பார்த்தால் குறைந்தது மூன்று ஓவியர்கள் என்கிறார்கள், அவ்வளவே. உள்சுற்றில் சோழ ஓவியம் தீட்டியவர்களுக்கும் பெயர் இல்லை.

இதையெல்லாம் நான் திண்ணையில் உட்கார்ந்து சொல்லி முடித்தபோது, அத்தை திருட்டுக் கதையிலேயே நின்றுவிட்டார்.

"தங்கம் போனாப் போவுது. படம் தப்பிச்சுதே!" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்க மாமியாருக்கு நூத்துக்கணக்குல கோலம் தெரியும்டா. ஒண்ணையும் யாரும் எழுதி வைக்கல. எனக்கு அதுல பாதிகூட ஞாபகம் இல்ல" என்றார்.

பேத்தி உள்ளே போனாள். கணக்கு நோட்டைத்தான் எடுத்துவரப் போயிருக்கிறாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"அப்பாயி, ஞாபகம் இருக்கிறதைச் சொல்லு. முதல்ல எத்தனை புள்ளி?"

அன்று இரவு எட்டு மணிக்குள் பதினோரு கோலம் நோட்டில் ஏறியிருந்தது. ஆறாவது கோலத்தில் கோடு சேரவில்லை. அத்தை புள்ளி எண்ணிக்கையை மாற்றிச் சொன்னார். அப்போதும் சேரவில்லை. பேத்தி வகுத்துப் பார்த்து, "ஒரு வரிசை கம்மியா சொல்றே" என்றாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, தரையில் வெறும் விரலால் ஒருமுறை போட்டுப் பார்த்தார். "ஆமாண்டி" என்றார்.

மறுநாள் விடிகாலை வாசலில் பெரிய கோலம். ஐந்து வரிசை, எட்டுப் புள்ளி, ஒரே இழை. ஒரு பாதியில் கோடு உறுதியாக ஓடியிருந்தது. மறு பாதியில் அங்கங்கே மாவு திப்பித் திப்பியாக விழுந்து, வளைவுகள் கொஞ்சம் நடுங்கியிருந்தன. ஒரு மூலையில் மட்டும் மேலே, கீழே என்று இழை மாறி மாறிப் பின்னியிருந்தது, லிண்டிஸ்பார்ன் பாணியில்! நான் போட்டோ எடுக்க உள்ளே ஓடிக் கேமராவோடு வருவதற்குள், பால்காரர் சைக்கிளை நேராக அதன் மேலேயே கொண்டுவந்து நிறுத்தி, மணியடித்துக்கொண்டிருந்தார்.